பூட்டத் தெரிந்தால் மட்டும் போதுமா?

கணினியியல் பயிலும் நம் மாணவர்கள் ‘சி’ மொழியில் இழைகளைக் கையாளும் பாடத்தைக் கட்டாயம் சந்தித்திருப்பார்கள். ஒரே நிரலுக்குள் பல வேலைகள் ஒரே நேரத்தில் ஓடுவதற்கு இழைகள் உதவுகின்றன. இரண்டு இழைகள் ஒரே தரவை ஒரே நேரத்தில் மாற்றினால் கணக்கு குழம்பிவிடும். அதைத் தடுக்கவே மியூடெக்ஸ் எனும் பூட்டு இருக்கிறது. பூட்டுவதையும் திறப்பதையும் பக்கம் பக்கமாகப் படிக்கிறோம். ஆனால், அந்தப் பூட்டை முறையாக அமைப்பதையும் வேலை முடிந்ததும் அகற்றுவதையும் வெறும் சடங்காக எண்ணி ஒதுக்கிவிடுகிறோம். இப்போக்கு மாற வேண்டும் என்பதே என் கருத்து.

ஜொகூர், பாலோவில் வளர்ந்த எனக்கு இதை விளக்க இரயில் பாதைதான் கைகொடுக்கிறது. எங்கள் ஊர் வழியாகச் செல்லும் பாதை, மின்சார இரட்டைத் தண்டவாளம் வரும்வரை நெடுங்காலம் ஒற்றைத் தண்டவாளமாகவே இருந்தது. ஒற்றைப் பாதையில் எதிரெதிரே இரண்டு இரயில்கள் வந்துவிடாமல் காக்கும் பழைய ஏற்பாடு ‘டோக்கன்’ முறை. இதே வழித்தடத்தின் தென்கோடியில், சிங்கப்பூரின் புக்கிட் தீமா நிலையத்தில், 2011 வரை இம்முறை இருந்தது. டோக்கன் கையில் இல்லாத ஓட்டுநர் அப்பகுதிக்குள் நுழையக்கூடாது. மியூடெக்ஸும் அப்படித்தான்.

டோக்கன் கருவிகளைப் பொருத்திச் சோதித்த பிறகே இரயிலை விட முடியும். 2011 ஜூன் 30ஆம் நாள் கடைசி இரயில் அவ்வழியே சென்றது. அதன் பின்னரே தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன. இந்த வரிசைதான் நிரலுக்கும் தேவை. முதலில் ‘இனிட்’ செய்து, அது சுழியத்தைத் திருப்பித் தருகிறதா என்று சோதிக்க வேண்டும். அதன் பிறகே இழைகளைத் தொடங்க வேண்டும். முடிவில் எல்லா இழைகளும் முடியும்வரை ‘ஜாயின்’ செய்து காத்திருந்து, பிறகு ‘டிஸ்ட்ராய்’ செய்து, கடைசியாகவே நினைவகத்தை விடுவிக்க வேண்டும். இரண்டு பூட்டுகளில் இரண்டாவது அமையாமல் போனால், அமைந்த முதல் பூட்டை மட்டும் அகற்றிவிட்டு வெளியேற வேண்டும். ஓர் இழை பிடித்திருக்கும் பூட்டை அழித்தால் என்ன நடக்கும் என்பதற்குப் போசிக்ஸ் தரவிதி எந்த உத்தரவாதமும் தருவதில்லை.

“லினக்ஸில் டிஸ்ட்ராய் எழுதாமலே என் நிரல் ஓடுகிறதே!” என்று நண்பர்கள் கேட்கலாம். உண்மைதான். அங்கே சாதாரண மியூடெக்ஸை அழிப்பதால் நினைவகம் எதுவும் மீள்வதில்லை. நிரல் முடியும்வரை வாழும் பொதுப் பூட்டை அழிக்காவிட்டாலும் பெரிய கேடில்லை. ஆனால், விண்டோஸில் உருவாக்கும் மியூடெக்ஸை மூடாமல் விட்டால், நிரல் ஓடும்வரை அது அமைப்பின் வளத்தைப் பிடித்துக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு பூட்டு உருவாக்கி, மாதக்கணக்கில் ஓடும் வழங்கியின் கதி என்ன? பத்து நிமிடம் ஓடும் பயிற்சி நிரலை வைத்துப் பழக்கத்தை அமைத்துக்கொள்ளலாமா?

அமைப்பதில் நேரும் குறைக்கு 1997இல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலமே சான்று. அதன் கணினி அடிக்கடி தானாகவே மறுதொடக்கம் கண்டது. முக்கியத்துவம் குறைந்த ஒரு பணி பூட்டைப் பிடித்திருந்தது. இடைநிலைப் பணிகள் அதை முடிக்கவிடவில்லை. முதன்மைப் பணி காத்துக் கிடந்தது. பூட்டை உருவாக்கும்போது முன்னுரிமையைக் கடத்தும் விருப்பத்தேர்வை இயக்கியிருந்தால் இச்சிக்கல் எழுந்திராது. பூமியிலிருந்து அனுப்பிய திருத்தமும் அதைத்தான் செய்தது. பூட்டியதிலும் திறந்ததிலும் பிழையில்லை. பூட்டை அமைத்த விதத்தில்தான் பிழை.

எனவே, விரிவுரையாளர்கள் பயிற்சிகளில் அமைத்தலுக்கும் அகற்றலுக்கும் தனிப் புள்ளிகள் வழங்க வேண்டும். தொழில்துறையில் இருக்கும் நம் முன்னாள் மாணவர்கள், தாங்கள் கண்ட சிக்கல்களை இளையோருக்குத் தமிழிலேயே பட்டறைகளில் எடுத்துரைக்கலாம். பூட்டு, இழை, சாவி என்று நம் மொழியில் சொன்னால் தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்தவருக்கு எளிதில் விளங்கும்.

நம் தோட்டத்துக் கோயில்களில் பந்தலைப் பிரித்து, இடத்தைக் கூட்டிப் பெருக்கிய பிறகுதான் திருவிழா முடிந்ததாகக் கொள்வோம். அந்தப் பழக்கம் நம் நிரல்களுக்கும் வரட்டும், நண்பர்களே!