சத்தமா... வேகமா...? போர்ஷே கார் சண்டையில் தொழிலாளி தலையில் விழுந்த இடி!

ஸ்டுட்கார்ட்:

ஒரு காரின் விலை கோடியைத் தாண்டும். வாங்குவது பெரும் பணக்காரர்கள். அந்தக் காரில் பெட்ரோல் என்ஜின் இருந்தால் என்ன... பேட்டரி இருந்தால் என்ன... நமக்கு என்ன வந்தது என்று கேட்கலாம்.

ஆனால் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் இது வயிற்றுப்பாட்டுக் கேள்வி. அங்குதான் போர்ஷே ஸ்போர்ட்ஸ் கார் கம்பெனி இருக்கிறது. பெட்ரோலா, கரண்டா என்று கம்பெனி போட்ட கணக்கு பிசகியதால் 2029-க்குள் அந்தப் பகுதியில் 1,900 வேலைகளைக் குறைக்கப் போகிறார்கள்.

கார் பிரியர்களோ இரண்டு கட்சியாகப் பிரிந்து மல்லுக்கட்டுகிறார்கள். யார் சொல்வது சரி? கணக்கு பிசகியது எங்கே?

சத்தம்தான் உயிர்

போர்ஷேயின் அடையாளம் '911' கார். 1963-ல் பிராங்க்பர்ட் கண்காட்சியில் முதன்முதலாகக் காட்டினார்கள். பெரும்பாலான கார்களில் என்ஜின் முன்னால் இருக்கும். இதில் பின்னால். ஆறு சிலிண்டர்கள் பக்கத்துக்கு மூன்றாகப் படுத்திருக்கும். உள்ளே பிஸ்டன்கள் எதிரும் புதிருமாகப் போய் வரும். குத்துச்சண்டை வீரர்கள் கை வீசுவது போல இருப்பதால் 'பாக்ஸர்' என்ஜின் என்று பெயர்.

இந்த என்ஜின் போடும் சத்தத்துக்கே தனி ரசிகர் கூட்டம் உண்டு. 911 ஜிடி3 காரில் நிமிடத்துக்கு 9 ஆயிரம் சுற்று வரை என்ஜின் அலறும். அந்த அலறலைக் கேட்கத்தானே இத்தனை காசு கொடுக்கிறோம், சத்தமே இல்லாத கார் எதுக்கு என்பது இவர்கள் கட்சி.

இவர்கள் சண்டை போடுவது புதுசும் இல்லை. காற்றால் குளிர்ந்த என்ஜினை 1997-ல் தண்ணீருக்கு மாற்றியபோதே கொந்தளித்தார்கள். 2002-ல் 'கயென்' என்ற பெரிய வண்டி வந்தபோது, ஸ்போர்ட்ஸ் கார் கம்பெனி ஜீப் செய்யலாமா என்று திட்டினார்கள். கடைசியில் அந்தக் கயென்தான் கம்பெனிக்குப் பணத்தை அள்ளிக் கொடுத்தது.

ஆனால் ஒரு தடவை இவர்கள் ஜெயித்தார்கள். 2016-ல் 718 ரகக் கார்களில் ஆறு சிலிண்டரை எடுத்துவிட்டு நாலு சிலிண்டர் வைத்தது கம்பெனி. சத்தம் சரியில்லை என்று ஒரே புகார். 2019-ல் அதே ரகத்தின் விலை உயர்ந்த மாடலில் ஆறு சிலிண்டர் திரும்பி வந்தது!

வேகத்துக்கு கரண்ட்தான்

எதிர்க்கட்சி சொல்வது வேற. ஸ்போர்ட்ஸ் கார் என்றால் வேகம். நின்ற இடத்தில் இருந்து 100 கிலோ மீட்டர் வேகத்தைத் தொட ஜிடி3-க்கு 3.4 விநாடி. மின்சார டைக்கானின் உச்ச மாடலுக்கு 2.2 விநாடிதான். அப்புறம் என்ன பேச்சு என்கிறார்கள்.

இன்னொரு பாயிண்டும் வைத்திருக்கிறார்கள். கம்பெனியை ஆரம்பித்த பெர்டினாண்ட் போர்ஷே, 1900-ம் ஆண்டு பாரீஸ் கண்காட்சிக்குக் கொண்டு போனதே மின்சாரக் கார்தான். சக்கரத்துக்குள்ளேயே மோட்டார் வைத்திருந்தார். அப்படிப் பார்த்தால் கரண்ட்தான் போர்ஷேயின் மூத்த பிள்ளை!

ஏறியது... இறங்கியது

2019-ல் வந்த டைக்கான் முதலில் சக்கைப்போடு போட்டது. 2021-ல் 41,296 டைக்கான்கள் விற்றன. 911 விற்றது 38,464. மூத்த காரை மின்சாரக் கார் முந்தியதும் கம்பெனிக்குத் தைரியம் வந்தது. 2030-ல் விற்கும் கார்களில் 80 சதவீதத்துக்கு மேல் மின்சாரக் கார்தான் என்று 2022-ல் இலக்கு வைத்தது.

அப்புறம்தான் சறுக்கல். 2024-ல் டைக்கான் விற்பனை 20,836 ஆகச் சரிந்தது. 2025-ல் 16,339. அதே நேரம் 911 விற்பனை 50 ஆயிரத்தைத் தாண்டிவிட்டது.

பார்த்தீர்களா, நாங்க சொன்னது நடந்துச்சா என்று பெட்ரோல் கட்சி காலரைத் தூக்கிவிட்டது. ஆனால் அவசரப்பட வேண்டாம். இன்னொரு கணக்கும் இருக்கிறது.

மக்கான் சொல்லும் பாடம்

போர்ஷேயில் அதிகம் விற்கும் ரகங்களில் ஒன்று 'மக்கான்'. 2024-ல் இதன் மின்சார மாடல் வந்தது. 2025-ல் விற்ற 84 ஆயிரத்துச் சொச்சம் மக்கான்களில் பாதிக்கு மேல் மின்சாரம்! கரண்ட் கார் விலை போகாது என்பதும் அப்போ உண்மை இல்லை.

விஷயம் இதுதான். ஊர் சுற்றவும் குடும்பத்தோடு போகவும் வாங்குகிறவர் மின்சாரத்துக்கு மாறுகிறார். ஆசைக்காக 911 வாங்குகிறவர் சத்தத்தைத்தான் கேட்கிறார். 911-ல் 2024-ல் சின்ன பேட்டரியைச் சேர்த்தபோதுகூட, என்ஜினுக்குத் துணையாகத்தான் வைத்தார்கள். என்ஜினை எடுக்கவில்லை.

ஒரே கடைக்கு இரண்டு விதமான வாடிக்கையாளர். கம்பெனியோ ஒரு சரக்கை மட்டும் நம்பி இறங்கியது. ஐரோப்பிய யூனியனில் புது சைபர் பாதுகாப்பு விதி வந்ததால் 2024-லேயே பெட்ரோல் மக்கான் விற்பனை நின்றுபோனது. பதிலுக்கு வேறு பெட்ரோல் மாடல் கையில் இல்லை. வந்தவருக்கு மின்சார மக்கான் மட்டும்தான்.

சீனாவில் விழுந்த அடி

போதாக்குறைக்கு சீனா. அங்கே 2021-ல் 95 ஆயிரத்துக்கு மேல் விற்ற போர்ஷே, 2025-ல் 42 ஆயிரத்தைக்கூடத் தொடவில்லை. நம்ம ஊரில் செல்போனுக்குப் பேர்போன ஷாவ்மி கம்பெனியே 2024-ல் அங்கே மின்சாரக் கார் இறக்கிவிட்டது. தோற்றம் டைக்கான் சாயல். விலையோ அதில் ஒரு பங்கு. பிறகு எப்படி விற்கும்?

அமெரிக்காவிலும் 2025-ல் இறக்குமதி வரி ஏறியது. போர்ஷேக்கு அங்கே தொழிற்சாலை கிடையாது. ஒவ்வொரு காரும் கப்பலில் போய் வரி கட்டித்தான் இறங்க வேண்டும்.

கடைசியில் 2025 செப்டம்பரில் கம்பெனி ரிவர்ஸ் கியர் போட்டது. மின்சாரம் மட்டும் என்று திட்டமிட்ட புதிய பெரிய வண்டி, முதலில் பெட்ரோலிலும் ஹைபிரிடிலும் வரும் என்றது. 718-ன் அடுத்த தலைமுறையிலும் உச்ச மாடல்களுக்கு பெட்ரோல் என்ஜின் உண்டு என்றது.

திரும்பியதற்கும் செலவு. 2024-ன் முதல் 9 மாதத்தில் 400 கோடி யூரோவுக்கு மேல் இருந்த லாபம், 2025-ல் அதே 9 மாதத்தில் வெறும் 4 கோடி யூரோ. நூறில் ஒரு பங்கு!

விட்டுக் கொடுத்தவர்கள்

இந்தக் கதையில் யாரும் அதிகம் பேசாத ஆட்கள் இருக்கிறார்கள். 2015-ல் மின்சாரக் கார் திட்டத்தை அறிவித்தபோது, ஸ்டுட்கார்ட் தொழிற்சாலையில் ஆயிரத்துக்கும் மேல் புதிய வேலை வரும் என்றார்கள். கார் நம்ம ஊரிலேயே தயாராகட்டும் என்று தொழிலாளர்கள் தங்களுக்கு வர வேண்டிய சம்பள உயர்வில் ஒரு பகுதியை விட்டுக் கொடுத்தார்கள்.

பத்து வருஷம் கழித்து, 2025 பிப்ரவரியில் வந்ததுதான் 1,900 வேலைக் குறைப்பு அறிவிப்பு. நிரந்தரத் தொழிலாளர்களுக்கு 2030 வரை கட்டாய நீக்கம் இல்லை என்ற ஒப்பந்தம் இருக்கிறது. அதனால் விருப்ப ஓய்வு, காலி இடத்தை நிரப்பாமல் விடுவது என்று ஆளைக் குறைக்கிறார்கள். தற்காலிகத் தொழிலாளர்களுக்கு அந்தப் பாதுகாப்பும் இல்லை. சுமார் 2 ஆயிரம் பேருக்கு ஒப்பந்தம் முடிந்ததோடு சரி.

2026 ஜனவரியில் மைக்கேல் லைட்டர்ஸ் என்ற புதிய தலைவர் பொறுப்புக்கு வந்திருக்கிறார். பெராரி, மெக்லாரன் கம்பெனிகளில் இருந்தவர். 2035-க்குப் பிறகு புதிய பெட்ரோல் கார் கூடாது என்ற விதியைத் தளர்த்தவும் ஐரோப்பிய கமிஷன் 2025 டிசம்பரில் யோசனை வைத்தது. பெட்ரோல் கட்சிக்கு இது தெம்பு.

பெட்ரோலோ, கரண்டோ... வாங்குகிறவருக்கு இரண்டு காரில் ஒன்று கிடைத்துவிடும். சம்பளத்தை விட்டுக் கொடுத்த தொழிலாளிக்கு, விட்ட காசும் திரும்பாது, போன வேலையும் திரும்பாது.