சோற்றை நிறுத்திப் பார்த்த ஆறு வாரங்கள்



தலையிடி வந்தால் வாய்விட்டுச் சொல்கிறோம். காய்ச்சல் என்றால் வீட்டில் எல்லோருக்கும் தெரிகிறது. வயிறு ஊதுகிறது, வாயு பிரிகிறது, மலசலகூடம் போவது ஒழுங்கில்லை என்பவற்றை மட்டும் தாயிடமும் சொல்வதில்லை, கணவனிடமும் சொல்வதில்லை. ஒரு சோடா, இரண்டு மாத்திரை, கொஞ்சம் இஞ்சிச் சாறு என்று வருடக் கணக்காகச் சமாளித்துக்கொள்கிறோம். படுவான்கரைக் கிராமங்களில் பெண்களோடு வேலை செய்யும் எனக்கும் இந்தத் தொல்லை ஐந்தாறு வருடங்களாக இருந்தது. காலையில் பொருந்தும் சட்டை மாலையில் இறுகும். கூட்டத்தில் பேசிக்கொண்டிருக்கும்போதே வயிறு முறுக்கும்.

நான் வைத்தியரோ போசணை நிபுணரோ அல்ல, சமூகவியல் படித்தவள். ஆகவே இங்கே நான் எழுதுவது மருத்துவ ஆலோசனை அல்ல. என் உடம்பில் நான் செய்து பார்த்த ஒரு பரிசோதனையும், அதிலிருந்து தெரிந்துகொண்ட சில விடயங்களுமே.

முதலில் வைத்தியரிடம்

உணவில் கை வைக்கும் முன்னர் வைத்தியரிடம் போனேன். இரத்தமும் மலமும் சோதித்தார்கள், ஸ்கான் எடுத்தார்கள். கோதுமையிலுள்ள குளூட்டன் என்ற புரதத்தால் வரும் சீலியாக் நோய்க்கான இரத்தப் பரிசோதனையும் செய்யப்பட்டது. கோதுமையை நிறுத்திய பிறகு அந்தச் சோதனையைச் செய்தால், நோய் இருந்தாலும் இல்லை என்று காட்டக்கூடும். அதனால்தான் முதலில் சோதனை, பிறகு பத்தியம் என்பது முக்கியம்.

எனக்கு வேறு நோய் எதுவுமில்லை, ஐ.பி.எஸ். எனப்படும் குடல் உறுத்தல் என்றார் வைத்தியர். குடலில் புண்ணோ கட்டியோ இராது, ஆனால் மாதக் கணக்காக வாரத்தில் ஒரு நாளாவது வயிற்று வலி வரும். மலம் கழிப்பதோடு அந்த வலி கூடும் அல்லது குறையும். மலம் இறுகும் அல்லது இளகும். ஆண்களைவிடப் பெண்களிடமே இது கூடுதலாகக் காணப்படுகிறது. மாதவிடாய் நாட்களில் பலருக்கு அதிகரிக்கும்.

"நார் கூட்டிச் சாப்பிடுங்கள்" என்பதே எனக்குக் கிடைத்த முதல் அறிவுரை. தவிட்டோடு சிவப்பரிசி, குரக்கன், கௌபி, கடலை, கீரை என்று மூன்று மாதம் சாப்பிட்டேன். வயிறு முன்னரைவிட ஊதியது. திரும்பப் போய் இதைச் சொன்னபோது, கொஞ்சக் காலத்துக்கு மாப்பொருளையும் நாரையும் குறைத்துப் பார்த்து, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்க்கும்படி அவரே சொன்னார்.

வயிற்றுக்குள் என்ன நடக்கிறது?

சோறு, பாண், கிழங்கு ஆகியவற்றிலுள்ள மாப்பொருளை உடைக்கும் வேலை வாய் உமிழ்நீரிலேயே தொடங்குகிறது. மீதி வேலை சிறுகுடலில் நடக்கிறது. அங்கே உறிஞ்சப்படாமல் மிஞ்சும் மாப்பொருளும் நாரும் பெருங்குடலுக்குப் போகின்றன. அங்குள்ள பற்றீரியாக்கள் அவற்றில் பெரும் பகுதியை நொதிக்கச் செய்கின்றன. அப்போது ஐதரசன், காபனீரொட்சைட்டு, சிலரில் மெதேன் ஆகிய வாயுக்கள் உண்டாகின்றன. இது எல்லோர் வயிற்றிலும் நடப்பதுதான். ஐ.பி.எஸ். உள்ளவர்களின் குடலுக்கு அதே அளவு வாயுவும் வலியாகத் தெரிகிறது.

நாரின் பெருமையை உலகெங்கும் பரப்பியவர்களுள் முக்கியமானவர் டெனிஸ் பேர்கிற். உகண்டாவில் பணிபுரிந்த இந்தச் சத்திரசிகிச்சை நிபுணர், மேலைநாட்டுக் குடல் நோய்கள் பல அங்கே அரிதாக இருப்பதற்கு நார் நிறைந்த உணவே காரணம் என்று 1970களில் எடுத்துரைத்தார். இன்றும் உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தவர்களுக்கு நாளொன்றுக்கு 25 கிராம் நாராவது வேண்டும் என்றே சொல்கிறது. ஆரோக்கியமான வயிற்றுக்கு அது சரியான அறிவுரை.

ஆனால் நோயுற்ற எல்லா வயிறும் ஒன்றல்ல. 1996இல் லண்டன் கிங்ஸ் கல்லூரியைச் சேர்ந்த அலன் எப்ரிங்கர், முதுகெலும்பு மூட்டுகள் இறுகும் ஒருவகை வாதநோய்க்கு மாப்பொருள் குறைந்த உணவைப் பரிந்துரைத்து எழுதினார். அது பெரிய ஆய்வுகளில் இன்னும் நிரூபிக்கப்படவில்லை. 2012இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், மலச்சிக்கல் உள்ள 63 பேரில் நாரைக் குறைத்தவர்களுக்கும் நிறுத்தியவர்களுக்கும் மலச்சிக்கலும் வயிற்றூதலும் தணிந்தன. கூடுதலாக ஆராயப்பட்டது அவுஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகத்தார் வகுத்த முறை. எளிதில் நொதிக்கும் சில மாச்சத்துகளை மட்டும் சில வாரங்கள் விலக்கி, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து எது ஒவ்வாதது என்று கண்டுபிடிப்பதே அந்த முறை. நான் பின்பற்றிய ஒழுங்கும் அதுவே.

நான் சாப்பிட்டதும் விட்டதும்

முதல் இரண்டு வாரங்கள் சோறு, பாண், பிட்டு, இடியப்பம், கிழங்கு, பருப்பு, கௌபி, கீரை, வெங்காயம், உள்ளி எல்லாவற்றையும் நிறுத்தினேன். காலையில் இரண்டு முட்டை. மதியம் மீன் அல்லது கோழிக் கறியுடன், தோலும் விதையும் நீக்கி நன்றாக வேகவைத்த புடலங்காய், பீர்க்கங்காய், வெள்ளரிக்காய். இரவில் மீன் சொதி, கொஞ்சம் தயிர், ஒரு துண்டு பப்பாசி.

முதல் நான்கு நாட்கள் தலையிடியும் சோர்வும் இருந்தன. பிள்ளைகள் மீது எரிந்து விழுந்தேன். ஐந்தாம் நாள் மாலை வயிறு ஊதவில்லை. ஒரு வாரம் முடியும்போது இரவு நித்திரை நன்றாக வந்தது. இரண்டாம் வாரக் கடைசியில் மலம் இறுகத் தொடங்கியது. நிறையும் இரண்டு கிலோ குறைந்திருந்தது. குறைத்தது போதும், இனிச் சேர்க்க வேண்டும் என்று அதிலிருந்து விளங்கியது.

அடுத்த நான்கு வாரங்களில் மூன்று நாளுக்கு ஒரு பொருளாகத் திரும்பச் சேர்த்தேன். முதலில் வெள்ளைச் சோறு. ஒரு கோப்பை, பிறகு இரண்டு கோப்பை. ஒன்றும் நடக்கவில்லை! இத்தனை நாளும் நான் பழி சுமத்திய சோறு குற்றவாளியே அல்ல. சூடாகச் சமைத்த வெள்ளைச் சோற்றின் மாப்பொருள் பெரும்பாலும் சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டுவிடுகிறது என்பதைப் பிறகு வாசித்து அறிந்தேன்.

பருப்பு சேர்த்த அன்று மாலையே வயிறு ஊதியது. சின்ன வெங்காயச் சம்பலுக்கும் அப்படியே. பாண் இரண்டு துண்டுவரை பரவாயில்லை, நான்கென்றால் தொல்லை. குரக்கன் பிட்டு கொஞ்சமாகச் சாப்பிட்டால் ஒத்துக்கொண்டது. வல்லாரைச் சம்பலும் முருங்கையிலைச் சுண்டலும் எந்தக் கரைச்சலும் தரவில்லை. பலாக்கொட்டையை நான் இனித் தொடப்போவதில்லை.

வெங்காயத்திலும் உள்ளியிலும் உள்ள ஒருவகை மாச்சத்தை உடைக்கும் நொதியம் மனித உடலில் யாருக்குமே இல்லை. ஆனால் அது எண்ணெயில் கரையாது. ஆகவே உள்ளியை எண்ணெயில் வதக்கி, உள்ளியை எடுத்துவிட்டுத் தாளித்தால் வாசம் இருக்கும், வலி இராது. வெங்காயத் தாளின் பச்சைப் பகுதியும் எனக்கு ஒத்துக்கொண்டது. பருப்பு, கடலை வகைகளை இரவு ஊறவைத்து அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுச் சமைத்தால் தொல்லை குறைகிறது.

கொப்பி காட்டிய இன்னொன்று

ஆறு வாரமும் ஒரு கொப்பியில் எழுதினேன். சாப்பிட்ட பொருள், நேரம், வலி பத்துக்கு எத்தனை, மலசலகூடம் போனது, மாதவிடாய் நாள், அன்று எங்கே வேலை. கடைசியில் பார்த்தபோது, உணவோடு சம்பந்தமில்லாமல் வலி கூடிய நாட்கள் சில இருந்தன. அவை எல்லாம் நான் தூரக் கிராமங்களுக்குப் போன நாட்கள்.

காரணம் எளிது. அங்கே பெண்கள் போகக்கூடிய மலசலகூடம் இல்லை. அதனால் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை. வந்த உணர்வையும் அடக்குகிறோம். ஆசிரியைகள், வங்கிக் கடன் சேகரிக்கும் பெண்கள், வயல் வேலைக்குப் போகும் பெண்கள் எல்லோரும் இதைத்தான் செய்கிறோம். அடக்கினால் மலம் இறுகும், வயிறு ஊதும். இதற்கு எந்தப் பத்தியமும் மருந்தல்ல.

அடுப்படியில் நடந்தவை

சோறு வேண்டாம் என்று சொன்ன முதல் நாளே அம்மாவுக்குப் பயம் வந்துவிட்டது. "சோறு தின்னாம வெயிலுக்க போய் விழுந்து கிடக்கப் போறியா புள்ள?" என்று கேட்டார். விருந்தாளியாகப் போகும் வீடுகளில் இன்னும் கஷ்டம். அவித்த மரவள்ளிக் கிழங்கும் சம்பலும் கொண்டுவந்து வைக்கும் ஒரு தாயிடம் வேண்டாம் என்பது அவர் அன்பையே வேண்டாம் என்பது போல. "வைத்தியர் ஒரு மாதம் பத்தியம் சொல்லியிருக்கிறார், அடுத்த முறை கட்டாயம் சாப்பிடுவேன் அம்மா" என்றேன். பத்தியம் என்ற சொல் நம் ஊரில் எல்லோருக்கும் விளங்கும், யாரும் கோபிக்கவில்லை.

மீன் விடயம்தான் என்னை யோசிக்க வைத்தது. நம் வீடுகளில் நடுத்துண்டு கணவனுக்கும் பிள்ளைகளுக்கும். தலையும் வாலும் சமைத்தவளுக்கு. சோறில்லாதபோது எனக்கு இரண்டு துண்டு வேண்டியிருந்தது. அதை என் கோப்பையில் நானே போட்டபோது மேசையில் இருந்த எல்லோரும் பார்த்தார்கள். கணவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாள் அவரே ஒரு துண்டு கூட வாங்கி வந்தார்.

எல்லா வீட்டிலும் அது நடக்காது. நான் போகும் வீடொன்றில் ஒரு தங்கச்சி சொன்னார், "எங்களுக்குச் சோறும் பருப்பும் தானே அக்கா. அதையும் விட்டா என்னத்தச் சாப்பிடுற?" உண்மை. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதமாக இருந்தது. அந்த நாட்களில் மீனையும் முட்டையையும் மறந்த வீடுகள் பல. மாப்பொருள் குறைந்த உணவு என்பது கையில் காசுள்ளவரின் பத்தியம். காசில்லாத வீட்டில் பெண் சோற்றைக் குறைத்தால் அதற்குப் பெயர் பத்தியமல்ல, பட்டினி.

எல்லோருக்கும் உரியதல்ல

என் பத்தியத்தைக் கேள்விப்பட்டு, ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு அக்கா தனக்கும் எழுதித் தரச் சொன்னார். எழுதித் தருமுன் சில கேள்விகள் கேட்டேன். நிறை குறைகிறதா? ஆம். மலத்தில் இரத்தம் போகிறதா? தலையைக் குனிந்துகொண்டு ஆம் என்றார். எட்டு மாதமாக அதை யாரிடமும் சொல்லவில்லை, மூலம் என்று நினைத்து இருந்திருக்கிறார். அடுத்த நாளே வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்றேன். பெருங்குடலில் கட்டி இருந்தது. சத்திரசிகிச்சை முடிந்து இப்போது கிளினிக்குக்குப் போய் வருகிறார். நானும் ஒரு பட்டியலை எழுதிக் கொடுத்திருந்தால், அவர் இன்னும் சில மாதங்களைப் புடலங்காயோடு கழித்திருப்பார்.

பின்வருவன இருந்தால் பத்தியம் வேண்டாம், வைத்தியரிடம் போங்கள்:

• மலத்தில் இரத்தம், அல்லது தார் போலக் கறுத்த மலம்
• காரணமின்றி நிறை குறைதல், விடாத காய்ச்சல், இரத்தச்சோகை
• நித்திரையிலிருந்து எழுப்பும் வலி அல்லது வயிற்றோட்டம்
• ஐம்பது வயதுக்குப் பின் புதிதாகத் தொடங்கி நீடிக்கும் வயிற்றூதல் (சூலகப் புற்றுநோயும் இப்படித்தான் தொடங்கலாம்)

நீரிழிவுக்கு இன்சுலின் அல்லது மாத்திரை பாவிப்பவர்கள் தாமாகச் சோற்றை நிறுத்தினால் இரத்தச் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், மெலிந்த பிள்ளைகள் ஆகியோரும் இதைச் செய்யக்கூடாது.

செய்து பார்க்க விரும்பினால்

1. முதலில் வைத்தியரைக் காணுங்கள்.
2. உணவை மாற்றாமல் ஒரு வாரம் கொப்பி எழுதுங்கள். சிலவேளை அதிலேயே விடை இருக்கும்.
3. விலக்குவது இரண்டு வாரம், கூடினால் நான்கு வாரம். அதற்கு மேல் வேண்டாம். குடலிலுள்ள நல்ல பற்றீரியாக்களுக்கும் நார்தான் உணவு.
4. மூன்று நாளுக்கு ஒரு பொருளாகத் திரும்பச் சேருங்கள். ஒத்துக்கொண்டதை மீண்டும் விலக்காதீர்கள்.
5. அந்த நாட்களிலும் தண்ணீர் குடியுங்கள். சாப்பாட்டு நேரத்தைத் தவறவிடாதீர்கள்.

இன்று நான் சோறு சாப்பிடுகிறேன், கீரை சாப்பிடுகிறேன். பருப்பை ஊறவைத்துச் சிறிதளவு சேர்க்கிறேன். விட்டவை பச்சை வெங்காயமும் பலாக்கொட்டையும் மட்டுமே. மாப்பொருளும் நாரும் என் எதிரிகள் என்று நினைத்துத் தொடங்கிய பரிசோதனை, அவற்றுள் எனக்கு ஒவ்வாத சிலவற்றை மட்டும் இனங்காட்டி முடிந்தது.

சகோதரிகளே, அடுத்த மாதர் சங்கக் கூட்டத்தில் இரண்டு விடயங்களைக் கதையுங்கள். ஒன்று, உங்கள் ஊர்ப் பொது மண்டபத்திலும் சந்தையிலும் பெண்கள் பூட்டிக்கொள்ளக்கூடிய, தண்ணீர் உள்ள மலசலகூடம் இருக்கிறதா என்பது. இல்லாவிட்டால் பிரதேச சபைக்கு எழுத்தில் கேளுங்கள். மற்றது, வயிற்று நோயை மறைத்து வைத்திருக்கும் பெண்கள் யார் என்பது. அதைக் கூட்டத்தில் கேட்கவேண்டாம். தனியே, பக்கத்தில் இருந்து கேளுங்கள். கேட்டால் சொல்வார்கள்.