கீழ்த்தாடைக்கு இரண்டு திருகு

சர்க்கரை ஆலையும் கரும்புத் தோட்டங்களும் உள்ள ஊர் கச்சிராயபாளையம். பல் போன முதியவருக்கு அங்கே கரும்பு மட்டுமா தூரமாகிறது? முறுக்கு, வேர்க்கடலை, கறித்துண்டு என்று ஒவ்வொன்றாகத் தட்டிலிருந்து விலக, குழைந்த சோறும் ரசமுமே மிஞ்சுகின்றன. உடம்புக்குப் புரதம் அதிகம் தேவைப்படும் வயதில் இப்படி நேர்கிறது.

வயதானால் பல் விழும் என்று வீட்டாரும் விட்டுவிடுகிறார்கள். உண்மையில் பல்லைப் பறிப்பவை சொத்தையும் ஈறு நோயும்தான். கட்டுக்குள் வராத சர்க்கரை நோயும் புகையிலையும் ஈறு நோயை முற்றச் செய்கின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் 2022 அறிக்கைப்படி, உலகில் 60 வயதைக் கடந்தவர்களில் சுமார் 23 சதவீதம் பேருக்கு ஒரு பல்கூட இல்லை.

இதற்குத் தீர்வு வந்து அறுபது ஆண்டுகள் ஆகின்றன. முயலின் எலும்பில் பொருத்திய டைட்டானியத்தை எலும்பு இறுகப் பற்றிக்கொள்வதை ஸ்வீடன் மருத்துவர் பெர்-இங்வார் பிரோனெமார்க் 1950களில் கண்டார். 1965இல் யோஸ்டா லார்சன் என்பவரின் தாடையில் டைட்டானியத் திருகுகளைப் பதித்துப் பல் கட்டினார். 2006இல் இறக்கும்வரை லார்சன் அந்தப் பற்களால்தான் மென்றார்.

இன்று இம்பிளான்ட் எனப்படும் இந்தத் திருகு ஒன்றுக்கே தனியார் மருத்துவமனையில் பல ஆயிரம் ரூபாய் ஆகிறது. திருகு எலும்போடு சேர மூன்று முதல் ஆறு மாதம் பிடிக்கும். அதுவரை பலமுறை வந்துபோக வேண்டும். வெள்ளிமலையிலிருந்தும் கரியாலூரிலிருந்தும் மலையிறங்கி வரும் கூலித் தொழிலாளிக்கு ஒவ்வொரு நடையும் ஒரு நாள் கூலி.

கழற்றி மாட்டும் பல்செட் போதாதா? மேல்தாடையில் பெரும்பாலும் நிற்கும். கீழ்த்தாடையில் எலும்பு தேயத் தேய, நாக்கு அசையும்போதெல்லாம் நழுவும். பலர் அதை டப்பாவில் போட்டு வைத்துவிடுவது இதனால்தான். எல்லாப் பல்லுக்கும் திருகு வேண்டியதில்லை; பல்லே இல்லாத கீழ்த்தாடைக்கு இரண்டு இம்பிளான்ட் வைத்து அதன்மேல் பல்செட்டைப் பொருத்துவதே முதல் தேர்வாக இருக்க வேண்டும் என்று 2002இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள் அறிவித்தார்கள்.

ஏழை முதியோருக்கு இலவசப் பல்செட் தரக் கர்நாடகம் 'தந்த பாக்யா' திட்டத்தையும் கேரளம் 'மந்தஹாசம்' திட்டத்தையும் கொண்டுவந்தன. தமிழ்நாடு அதற்கும் ஒரு படி மேலே போகலாம். 'மக்களைத் தேடி மருத்துவம்' பணியாளர்கள் சர்க்கரை மாத்திரையோடு வீடு தேடிச் செல்கிறார்கள். அவர்களே வாயையும் பார்த்துக் குறித்து வரட்டும். சிதம்பரத்திலுள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரியின் நிபுணர்கள் மாதந்தோறும் கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரிக்கு வந்து, பல்லே இல்லாத ஏழை முதியோருக்கு அந்த இரண்டு திருகுகளைப் பதிக்கட்டும். செலவையும் மலையிலிருந்து வந்துபோகும் பேருந்துக் கட்டணத்தையும் அரசே ஏற்க வேண்டும்.