பழவேற்காட்டுப் பள்ளிக்குக் கொடையாளர் எவர்?

இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துக் கடம்பத்தூரில், காமராசர் ஆட்சியில், 1958-இல் பள்ளிச் சீரமைப்பு மாநாடு கூடிற்று. ஊரார் உவந்து வழங்கினர். 2022 திசம்பரில் தமிழ்நாட்டரசு மீண்டுங் கொடை கேட்டது. பெயரோ, 'நம்ம இசுகூல் நம்ம ஊருப் பள்ளி'! 'பள்ளி' என்னுஞ் சொல் கையிலிருக்க, அதற்கு முன்னே ஆங்கிலத்துக்கு அரியணை ஏன்?

பெயரிழிவு கிடக்கட்டும். முன்னாள் மாணவரும் பெருங்குழுமங்களும் பொருள் தருவராம். செல்வர் பயின்ற நகரப் பள்ளிக்குத் தருவர். ஏரியைப் 'பாடு' முறையிற் பங்கிட்டு, வலையில் இறால் பட்டால் உலையேற்றும் பழவேற்காட்டுக் குப்பத்தார் பள்ளிக்கு எவர் தருவர்? உப்புக்காற்றில் கம்பி துருவேறிக் காரை உதிர்வது கொடையாளர் வருமளவுங் காத்திராது. பள்ளிக் கட்டடம் வரி வாங்கும் அரசின் கடன். கொடை எட்டாத ஊர்களை முதலிற் கணக்கெடுத்து, அங்கெல்லாம் கருவூலப் பணத்தில் அரசே கட்டித் தருக! பெயர்ப்பலகையில் 'பள்ளி' மட்டும் இருக்கட்டும்.