எழுதுவது மூன்று, கேட்பது ஒன்று

பிளஸ் ஒன்னில் தமிழுக்குப் பதில் பிரெஞ்சை மொழிப்பாடமாக எடுக்கத் தமிழ்நாட்டில் வழி உண்டு. விருதுநகரிலோ சிவகாசியிலோ அதை எடுப்பவருக்கு மார்க் வரலாம். வாய்க்கு மொழி வருமா?

பேசுதலைக் குறிக்கும் 'பார்லே' வினையைப் பாருங்கள். நான், நீ, அவன், அவர்கள் என நால்வருக்கும் சேர்த்து எழுத்தில் மூன்று விகுதிகள். காதில் விழுவதோ ஒரே 'பார்ல்', ஓரசைதான். எழுதியபடியே வாசித்துப் பழகிய பிள்ளை, 'அவர்கள்' வடிவத்தைப் 'பார்லென்ட்' என்கிறது. அதைத் திருத்தினாலும் பேச்சுத்தமிழின் உகரம் விடாது. பஸ்ஸைப் 'பஸ்ஸு' ஆக்கும் நாக்கு இதையும் 'பார்லு' ஆக்கிவிடும்.

அச்சுத்தொழில் ஊரான சிவகாசி ரசிக்கக்கூடிய வேடிக்கை ஒன்று: வரி முடிவில் இடமில்லையென்றால் அந்த 'அவர்கள்' வடிவத்தைப் 'பார்' என்பதோடு உடைத்துக் கோடு போடலாம். தாளில் ஈரசை, பேச்சில் ஓரசை!

எல்லா இறுதி மெய்யும் ஊமையல்ல. 'ஃபினீர்' என்றால் முடித்தல். அவன் முடிக்கிறான், 'இல் ஃபினி'. அவர்கள் முடிக்கிறார்கள், 'இல் ஃபினிஸ்'. அந்த ஸகரத்தை விழுங்கினால் பலர் ஒருவராகிவிடுவர். கோடிட்ட இடத்தை நிரப்பி மார்க் வாங்கும் மாணவருக்கு இந்த வேறுபாடு காதில் பட வாய்ப்பே இல்லை.

பிரான்ஸ் அரசின் டெல்ஃப் தேர்வில் 100-க்கு 25 மதிப்பெண் கேட்டலுக்கு, 25 பேச்சுக்கு. நம் பள்ளிகளும் வாரம் ஒரு பீரியடாவது புத்தகத்தை மூடிவைத்து, ஒலிப்பதிவைக் கேட்கவைத்துப் பிள்ளைகளைப் பேசச் சொல்ல வேண்டும்.