கணக்குக் கேட்பது குற்றமா?

போர் மூண்டால் ஒரு நாடு மூன்று கணக்குகள் எழுத வேண்டும். வென்ற நிலம் எவ்வளவு, இழந்த உயிர் எவ்வளவு என்னும் இரண்டையும் எல்லா நாடுகளும் எழுதுகின்றன. வாங்கிய உதவிக்குக் கொடுத்த விலை எவ்வளவு என்னும் மூன்றாவது கணக்கை மட்டும் மக்கள் கண்ணில் காட்டுவதில்லை. மூடிய அந்தக் கணக்கின் அருகே நின்ற ஒருவர் திடீரென்று மாண்டால், ஊர் வாய் சும்மா இருக்குமா? ஐயம் பிறக்கிறது, ஐயம் கதையாகிறது, கதை வரலாறாக உலவுகிறது.

1962இல் சீனப் படை எல்லை கடந்தபோது நாம் அமெரிக்காவிடமும் பிரிட்டனிடமும் படைக்கருவி கேட்டோம். கேட்டதில் குற்றமில்லை. வீடு பற்றி எரியும்போது பக்கத்து வீட்டில் தண்ணீர் கேட்காதவன் யார்? அவ்வாண்டு டிசம்பரில் கென்னடியும் மாக்மில்லனும் 12 கோடி டாலர் அளவுக்கு அவசர உதவி தர இசைந்தனர். ஆனால் கருவியோடு வற்புறுத்தலும் வந்தது. காஷ்மீர் பற்றிப் பாகிஸ்தானோடு பேசுங்கள் என்றனர். 1963 மே வரை ஆறு சுற்றுப் பேச்சு நடந்தது; பயன் விளையவில்லை. 1965இல் போர் வந்தபோது, அமெரிக்கா பாகிஸ்தானுக்கு முன்பே கொடுத்திருந்த பாட்டன் டாங்கிகள் நம்மை நோக்கி உருண்டு வந்தன. செப்டம்பரில் இரு நாடுகளுக்குமே படை உதவி நிறுத்தப்பட்டது. கோதுமையையும் ஜான்சன் அரசு கொஞ்சம் கொஞ்சமாகவே அளந்து விட்டது.

இது டில்லிக்காரர் கவலை, நமக்கென்ன என்று கேட்பவர் உண்டு. நான் பாலக்காட்டு எல்லையைச் சேர்ந்தவன். அந்நாளில் அரிசி மாநில எல்லை தாண்டத் தடை இருந்ததையும், வாளையாற்றில் மூட்டைகள் சோதிக்கப்பட்டதையும் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். தெற்கே, இன்றைய இடுக்கி எல்லையில் நிலைமை இன்னும் விந்தை. பெரியாற்று நீர் தேக்கடியிலிருந்து மலையைக் குடைந்து கிழக்கே வந்து கம்பம் பள்ளத்தாக்கில் நெல் விளைக்கிறது. அந்த நெல் அரிசியாகிக் குமுளிக்கு ஏற வேண்டுமானால் சாவடி மறித்தது. தண்ணீருக்கு வழி உண்டு, சோற்றுக்கு வழி இல்லை! 1966 தொடக்கத்தில் அரிசிப் பங்கீடு போதாமல் கேரளத்தில் கிளர்ச்சி வெடித்தது. உதவியின் விலை எங்கள் உலைப்பானையிலும் எழுதப்பட்டது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

திங்கள் இரவு ஒரு வேளை உணவை விடுங்கள் என்று அந்தப் பஞ்ச காலத்தில் நாட்டைக் கேட்டவர் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி. 1966 ஜனவரி 10 அன்று தாஷ்கண்டில் உடன்பாட்டில் கையெழுத்திட்டார். மறுநாள் விடிவதற்குள் மாண்டார். மாரடைப்பு என்றது மருத்துவ அறிக்கை. அவருக்கு முன்பே இதய நோய் இருந்தது. ஆகவே அது மெய்யாகவே இருக்கலாம். நஞ்சு என்று நான் கூறவில்லை, கூறச் சான்றில்லை. ஆனால் சோவியத் நாட்டில் பிரேதப் பரிசோதனை நடக்கவில்லை. குடும்பத்தாரே ஐயம் எழுப்பினர். 2009இல் தகவல் உரிமைச் சட்டப்படி கேட்டபோது, ஓர் ஆவணம் இருக்கிறது, வெளியிட்டால் அயல்நாட்டு உறவு கெடும் என்றது பிரதமர் அலுவலகம். நாற்பத்து மூன்று ஆண்டுக்குப் பிறகுமா?

பதின்மூன்று நாள் கழித்து, ஜனவரி 24இல், அணுசக்தி ஆணையத் தலைவர் ஹோமி பாபா சென்ற ஏர் இந்தியா விமானம் மோன் பிளாங்க் மலையில் மோதியது. 117 பேர் மாண்டனர். அதிலும் சதிக் கதைகள் உண்டு. ஆயினும் பிரெஞ்சு விசாரணைக் குழு ஆராய்ந்தது. விமானம் நின்ற இடம் பற்றித் தரைக் கட்டுப்பாட்டாளர் சொன்னதை விமானி தவறாகப் புரிந்துகொண்டார் என்று முடிவு கூறியது. கதை கட்டுபவனிடம் எடுத்து நீட்ட ஓர் அறிக்கை இருக்கிறது. சாஸ்திரி மறைவில் நாம் எதை நீட்டுவது?

வாளையாற்றுச் சாலையோரம் ஓர் ஏழைக் கூலி மாண்டு கிடந்தால், சட்டப்படி போலீசார் பிண விசாரணை நடத்துகின்றனர். ஐயமிருந்தால் உடலைப் பரிசோதனைக்கு அனுப்புகின்றனர். அந்தக் கூலிக்குக் கிடைக்கும் நீதி ஒரு பிரதமருக்குக் கிடைக்கவில்லை என்பது எவ்வளவு பெரிய வெட்கம்!

உதவி வாங்கும் நாடுகள் இன்றும் விலை கொடுக்கின்றன. 2025 ஏப்ரலில் உக்ரேன் தன் கனிம வளம் பற்றி அமெரிக்காவோடு உடன்பாடு செய்தது. விலை கடுமையா என்று வாதிக்கலாம். ஆனால் அது எழுத்தில் வந்தது, அவர்களுடைய நாடாளுமன்றத்தின் முன் வந்தது.

மாணவ நண்பர்களே, நாம் கேட்பது பழி வாங்க அல்ல. போர்க்கால உதவியின் கட்டளைகளைக் காலம் கடந்த பிறகேனும் வெளியிடட்டும். அரசுப் பணியில் அயல்நாட்டில் மாள்பவர் எவராயினும் பிரேதப் பரிசோதனை கட்டாயமாகட்டும். உண்மை கசந்தால் விழுங்கிக் கொள்ளலாம். ஒளித்து வைத்தால் அது நாட்டின் வயிற்றில் நஞ்சாகவே கிடக்கும்.