மனமா, சுரப்பியா?

ஓர் ஆண் சோர்ந்து படுத்தால் “உடம்புக்கு என்ன?” என்று கேட்கிறார்கள். பெண் சோர்ந்து படுத்தாலோ “மனசு சரியில்லை போலும்” என்று தீர்ப்பே கூறிவிடுகிறார்கள். இது நியாயந்தானா என்று பெரியோரைக் கேட்க விரும்புகிறோம்.

இப்பழக்கம் நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. ‘ஹிஸ்டீரியா’ என்ற நோய்ப்பெயரே கருப்பையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லில் பிறந்தது. பெண்ணின் வலி, மயக்கம், அழுகை யாவற்றையும் அந்த ஒரே மூட்டையில் கட்டிவைத்தனர் அக்கால மருத்துவர்கள்.

இவ்வாண்டு அறிவியல் வகுப்பில் தைராய்டு சுரப்பியைப் பற்றிப் படித்தோம். கழுத்தின் முன்புறம் வண்ணத்துப்பூச்சி வடிவில் அமைந்த சிறு சுரப்பி. அதில் சுரக்கும் தைராக்சினுக்கு ‘ஆளுமை ஹார்மோன்’ என்ற பெயரும் உண்டு. ஒரு மதிப்பெண் வினாவுக்காக நாம் மனப்பாடம் செய்துவிட்டு மறக்கும் பெயர்! ஆனால் அச்சுரப்பு குறைந்தால் உடல் பருக்கிறது, குளிர் தாங்குவதில்லை, முடி கொட்டுகிறது, மாதவிலக்கு மிகுகிறது; கூடவே நினைவு மங்கி மனமும் இருளுகிறது. மிகுந்தாலோ நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், தூக்கம் போகும், எரிச்சல் வரும். ஆண்களைவிடப் பெண்களையே இக்கோளாறு பல மடங்கு பற்றுகிறது. பிள்ளைப்பேற்றுக்குப் பிந்திய மாதங்களில் புதிதாகத் தலைகாட்டுவதும் உண்டு.

1949-இல் லண்டன் மருத்துவர் ரிச்சர்டு ஆஷர், மனநோயாளிகளாகக் காணப்பட்ட 14 பேரைப் பற்றி எழுதினார். அவர்களது உண்மை நோய் தைராய்டுக் குறைவே. விலங்கின் தைராய்டை உலர்த்திச் செய்த மருந்தால் பெரும்பாலோர் தேறினர்.

அவ்வளவு தூரம் போவானேன்? எங்களுள் ஒருத்தியின் சித்தி, குழந்தை பிறந்தபின் அடுப்பில் பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டே நிற்பாராம். “சோம்பேறி” என்றனர், மந்திரித்துக் கயிறு கட்டினர், பிறகு தூக்க மாத்திரை. இரண்டு ஆண்டுகள் சென்றன. அதன் பின்னரே ஒரு மருத்துவர் இரத்தப் பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்தார். இன்று காலையில் வெறும் வயிற்றில் ஒரு சிறு மாத்திரை விழுங்குகிறார். அந்த இரண்டு ஆண்டுகளில் கேட்ட சொற்களைத்தான் அவரால் விழுங்க முடியவில்லை.

அந்தப் பரிசோதனையின் பெயர் டி.எஸ்.எச். மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி, “இன்னும் சுர” என்று தைராய்டுக்கு அனுப்பும் கட்டளையே அது. தைராய்டு தளர்ந்தால் கட்டளை பலமாகும். இரத்தத்தில் அதன் அளவு ஏறும். கொஞ்சம் இரத்தம் போதும், மந்திரவாதி வேண்டாம்!

மனநோயே இல்லை என்று நாங்கள் வாதிடவில்லை. அதுவும் மெய்யான நோயே; அதற்கு மருத்துவம் பெறுவதில் வெட்கமென்ன? இரண்டும் ஒருத்திக்கே சேர்ந்து வருவதும் உண்டு. ஆராயாமல் பெயர் சூட்டுவதைத்தான் வேண்டாம் என்கிறோம்.

வரும் ஆண்டு மருத்துவப் பரிசோதனை நாளில் கண், பல், எடை பார்ப்பதோடு களைப்பு, முடி உதிர்தல், மாதவிலக்கு ஆகியவற்றையும் தனியறையில் விசாரிக்கும்படி தலைமையாசிரியை சிஸ்டரிடம் விண்ணப்பிக்க எண்ணியிருக்கிறோம். அன்னையரும் அன்று வரலாமென்றால் இன்னும் நல்லது. தங்கள் களைப்பைப் பற்றி அவர்கள் வீட்டில் வாய் திறப்பதேயில்லை.